பொய் விசில்

என் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் போட்டிருக்கும் அட்டை, கணினியில் அச்சடித்து வீணாகிப்போன ஒரு தாள். தாளின் மேல் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு: லாட்ஜ் அறை முன்பதிவு மென்பொருள், முதல் அத்தியாயம். கீழ் ஓரத்தில் தேதி: 01.01.2002.

இந்தத் தேதி பொய். அந்தப் புத்தாண்டில் எங்கள் குடும்பத்தில் யாரிடமும் கணினி கிடையாது. நான் அரிச்சுவடியைக்கூடத் தொட்டிருக்கவில்லை. ஓர் ஆவணத்தில் தேதி தவறாக இருந்தால் அதிலுள்ள மற்றவற்றையும் சந்தேகிப்பது என் வழக்கம். ஆனால் இந்தத் தாளை நம்புகிறேன், ஏனென்றால் தேதி எப்படித் தவறாகியது என்று எனக்குத் தெரியும். அந்தக் கணினிக்குள் இருந்த சிறிய பேட்டரி செத்துப்போயிருந்தது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினால் அதன் கடிகாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். வயரைப் பிடுங்கியவர் என் பெரியப்பா.

உண்மையான தேதியை ஓரளவுக்குத்தான் நெருங்க முடிகிறது. பள்ளி திறந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன், சாரல் இறங்கிவிட்டிருந்தது, ஆகவே ஆனி மாதம். நடந்தது ஒரு சனிக்கிழமையும் அதற்கடுத்த ஞாயிறும். அதற்குமேல் துல்லியம் இல்லை.

குற்றாலத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் நடுவில் ஒரே சுவரை வைத்துக்கொண்டு நின்றன. எனக்குச் சாப்பாடு ஒரு வீட்டில், மீதி நேரம் முழுக்க இன்னொரு வீட்டில். பெரியப்பா காவல்துறையில் தலைமைக் காவலர். ஊரில் அவருக்குப் பெயர் ஏட்டையா. சீசன் வந்துவிட்டால் அவருக்கு ஐந்தருவியில்தான் வேலை. குளிப்பவர்களை வரிசைப்படுத்துவது, குடித்துவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது, இவற்றுக்கெல்லாம் மேலாக, மலையில் மழை கொட்டி அருவியில் வெள்ளம் வரும் என்று தோன்றினால் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றுவது.

அந்த விசிலுக்கு அவர் வைத்திருந்த இலக்கணம் எங்கள் இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். தண்ணீரின் நிறம் லேசாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் வரும். இவை இரண்டுக்கும் முன்னாலேயே சத்தம் மாறும். சத்தம் மாறியதும் ஊதிவிட வேண்டும். ஊதியதும் ஏறிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. ஆனால் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். "தண்ணி நல்லாத்தானே சார் விழுது", "இப்பதான் சார் தலையக் குடுத்தேன்", "அஞ்சே நிமிஷம் சார்." பெரியப்பா இந்த வசனங்களைச் சாப்பிடும்போது எங்களுக்கு நடித்துக் காட்டுவார். இவர்களைவிட அவருக்குக் கோபம் வருவது, பாதி தூரம் ஏறிவிட்டுப் பாறையில் விட்டுவந்த துணிக்காகத் திரும்பி ஓடுகிறவர்கள் மேல். "துணிமணியப் பாக்காத, ஆளு ஏறு" என்பதை அவர் தூக்கத்தில்கூடச் சொல்வதாகப் பெரியம்மா சொல்லுவாள்.

அக்கா, அதாவது பெரியப்பாவின் ஒரே மகள், திருநெல்வேலியில் எம்.சி.ஏ. கடைசிப் பருவம். அவளுக்காகத்தான் கணினி வந்தது. சாரல் காலத்தில் எங்கள் ஊரில் துணி காயாது என்பதால், கணினிப் பெட்டியின் பின்புறம் வரும் வெதுவெதுப்பான காற்றில் பெரியம்மா பெரியப்பாவின் காக்கிக் காலுறைகளைக் காயப்போட்டிருப்பாள். அக்கா அவற்றை எடுத்து வீசுவாள். மறுநாள் அவை மறுபடியும் அங்கே இருக்கும்.

பெரியப்பாவுக்குக் கணினியில் ஒரே ஒரு வேலை தெரியும். மேகத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பது. அக்காதான் சொல்லிக்கொடுத்தாள். ஓர் அடையாளத்தை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கேரளப் பக்கம் வெள்ளை அடர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேலை இருக்கு" என்றோ "இன்னைக்குச் சும்மா தூத்தல்தான்" என்றோ சொல்லிவிட்டுப் பணிக்குப் புறப்படுவார். பள்ளிக்கூடம் தாண்டாத மனிதருக்கு வானத்திலிருந்து தகவல் வருவதில் ஒரு பெருமை இருந்தது. மற்ற காவலர்களிடம் "மேல இருந்து தகவல்" என்றே சொல்லுவாராம்.

அந்தச் சனிக்கிழமை காலை அக்கா, புராஜெக்ட் அறிக்கையில் வழிகாட்டிப் பேராசிரியரிடம் திருத்தம் கேட்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். அடுத்த வாரம் அறிக்கையைக் கொடுக்க வேண்டும், மென்பொருளை இயக்கிக் காட்ட வேண்டும். தவறினால் பட்டம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். சென்னையில் வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் அதுவரை காத்திருக்காது. இதையெல்லாம் அவள் அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டிருந்தாள், எனக்கும் சேர்த்து.

நான் தரையில் உட்கார்ந்து அறிவியல் புத்தகத்துக்குப் பிரவுன் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா மேகப் படத்துக்காகக் காத்திருந்தார். படம் பாதி இறங்கும்போது திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி குதித்து நின்றது. கணினியை அணைக்கும்போது "அணைக்கவா?" என்று கேட்கும் அதே பெட்டி. அதே எழுத்து, மூலையில் அதே பெருக்கல் குறி. மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. கூடவே, கேட்டவர் எழுந்து நிற்கும்படியான ஓர் ஒலி.

பெரியப்பா எழுந்து நின்றார்.

"ஏட்டி, என்ன சொல்லுதுன்னு வாசி."

எச்சரிக்கை, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உங்கள் கோப்புகள் எல்லாம் அழியக்கூடும், இந்தச் சாளரத்தை மூடாதீர்கள், உடனே செயல்படுங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றறிக்கைகளில் அவர் முப்பொழுதும் படிக்கும் சொற்கள்தாம் அவை.

அவர் செய்த முதல் காரியம் எங்களை வெளியேற்றியது.

"எல்லாரும் வெளிய வாங்க. ஏ, அடுப்படியில யாரு? நீயும் வா."

பெரியம்மா கரண்டியோடு வந்தாள். "என்னங்க, கரண்டு கிரண்டு அடிச்சிட்டா?"

"வைரஸ் வந்திருக்கு."

"நமக்கும் ஒட்டுமா?"

"தெரியல. தள்ளி நில்லு."

நாங்கள் வாசற்படியில் நின்றோம். அவர் மட்டும் உள்ளே போய், பெட்டியில் சொல்லியிருந்தபடி பொத்தானை அழுத்தினார். பச்சைக் கோடு ஒன்று ஓடியது. வைரஸ்களின் பெயர்கள் மளமளவென்று வரிசையாக விழுந்தன. நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்றார். எதையோ இறக்கவா என்றது. இறக்கு என்றார். முடிவில் கார்டு எண்ணைக் கேட்டது. கார்டு என்ற ஒன்று அவரிடம் கிடையாது என்பதால் அங்கே நின்றார். ஆனால் பெட்டி நிற்கவில்லை. ஒன்றை மூடினால் இன்னொன்று வந்தது. கணினி மூச்சுவாங்க ஆரம்பித்தது.

"புள்ளையக் கேளுங்களேன்" என்றாள் பெரியம்மா. அக்காவிடம் செல்போன் இருந்தது. கல்லூரிக்குள் நுழைந்ததும் அதை அணைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அழைத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"அவ வர்ற வரைக்கும் பொறுங்க."

"பொறுக்கக்கூடாதுன்னு அதுவே சொல்லுதுல்லா? எவனோ ஒருத்தன் வந்து சொன்னா விசாரிக்கலாம். இது தன் வாயாலயே கத்துது."

வயரைப் பிடுங்கினார். கணினிப் பெட்டியைத் தன் காவல்துறை மழைக்கோட்டில் சுற்றி, பைக்கின் பின்னால் என்னை உட்காரவைத்து என் மடியில் ஏற்றினார். தென்காசிவரை தூறல். மழைக்கோட்டுக்குள் கணினி நனையவில்லை. பெரியப்பா முழுக்க நனைந்தார்.

தென்காசியில் கணினி பழுதுபார்க்கும் கடையில் இருந்தவருக்கு அக்கா வயதுதான் இருக்கும். பெட்டியை மாட்டி, திரையைப் பார்த்ததும் சிரித்தார்.

"இந்தச் சீசனுக்கு இது நிறைய வருது அண்ணாச்சி. உள்ள என்ன இருக்கு?"

"புள்ளையோட படிப்பு. இவளுக்கு அக்கா."

"அப்போ டேட்டாவத் தனியா எடுத்து வச்சிட்டுத்தான் சுத்தம் பண்ணணும். திங்கக்கிழமை ஆயிரும். அதுலயும் கூடவே வைரஸ் ஒட்டிட்டு வந்தாலும் வரும். இல்லன்னா மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டா இப்பவே முடிஞ்சிரும். எப்படிச் செய்யட்டும்?"

இந்த இடத்தை நான் பலமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ஒளிவுமறைவு இல்லாமல்தான் கேட்டார். பெரியப்பாவும் கேள்வியைச் சரியாகவே புரிந்துகொண்டார். அவர் யோசித்தது கொஞ்ச நேரம்தான். ஆயுள் முழுக்கப் பாறைமேல் நின்று ஒரே முடிவை எடுத்துக்கொண்டிருந்தவருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

"துணிமணியப் பாக்காதீங்க தம்பி. ஆளை ஏத்துங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். "கம்ப்யூட்டரைக் காப்பாத்துங்கன்னு சொல்லுதாங்க."

"அக்கா எங்கயாவது காப்பி வச்சிருப்பாங்களா?"

"தாள்ல அடிச்சு ஒரு கட்டு வச்சிருக்கா" என்றார் பெரியப்பா. அது உண்மைதான். அது பழைய வரைவு என்பதும், மென்பொருள் என்பது தாளில் இருக்கும் பொருள் இல்லை என்பதும் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

பிற்பகலில் கணினி புதுப் பெண்ணைப்போல வீடு திரும்பியது. திரையில் பச்சைப் புல்வெளி, நீல வானம், வேறு எதுவும் இல்லை. "பாத்தியா, எப்படிப் பளிச்சுன்னு இருக்கு" என்று பெரியப்பா பெரியம்மாவிடம் காட்டினார். காலுறைகளை அவரே எடுத்துக் கொடியில் போட்டார்.

அக்கா வந்ததும் அவரே எல்லாவற்றையும் சொன்னார், வெள்ளத்திலிருந்து ஆளை மீட்ட கதைபோல. அவள் கேட்டுக்கொண்டே கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கோப்புறையைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அப்பா, அது கம்ப்யூட்டர் சொன்னதில்லப்பா."

"நான் பாத்தேன்ட்டி. அதுதான் சொல்லிச்சு."

"எவனோ விளம்பரம் போட்டிருக்கான். கம்ப்யூட்டர் சொல்லுத மாதிரியே வேஷம் கட்டி. அந்தப் பெருக்கல் குறிகூட வெறும் படம்தான். எங்கன தொட்டாலும் உள்ள வந்துரும்."

"விளம்பரமா?"

"ஆமா. பயங்காட்டிச் சரக்கு விக்குதான்."

பெரியப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முகத்தில் அப்போது இருந்ததை, தப்பு செய்துவிட்ட முகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"பொய்யா விசில் ஊதுவானா ஒருத்தன்?"

"ஊதுவாம்பா."

"அப்படி ஊதினா, நெசமா வெள்ளம் வரும்போது எவன்ட்டி ஏறுவான்?"

அக்காவுக்கு அழுகைதான் வந்தது. "யாரு என்ன சொன்னாலும் செஞ்சிருவீங்களாப்பா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்லா?" என்று கத்திவிட்டு உள்ளறைக்குப் போனாள். பெரியம்மா இரண்டு பேருக்கும் நடுவில் காபியோடு நின்றாள். இரண்டு பேருமே குடிக்கவில்லை. கடைசியில் அது எனக்கு வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் வசனம் நடித்துக் காட்டுவது நடைபெறவில்லை.

மறுநாள் ஞாயிறு. பெரியப்பா மேகப் படம் பார்க்காமலே வேலைக்குப் போய்விட்டார். சாப்பாடும் எடுத்துப் போகவில்லை. மதியம் பெரியம்மா தூக்குச்சட்டியில் சோறு போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனாள். கூட்டம் கடை வாசல்கள்வரை நின்றது. பலாச்சுளை, மிளகாய் பஜ்ஜி, ஈரத் துண்டு, எண்ணெய் எல்லாம் கலந்த சீசன் வாசனை. எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் பெரியம்மாவைப் பார்த்ததுமே சிரித்தார். செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

பெரியப்பா தன் வழக்கமான பாறைமேல் நின்றுகொண்டிருந்தார். அருவி எப்போதும்போல விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் தலைகள் நெருக்கியடித்தன. அவர் விசிலை வாயில் வைத்தார். எடுத்தார். மலையைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

நான் ஏறிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏட்டி, உனக்குச் சத்தம் மாறின மாதிரி இருக்கா?"

காதைக் கொடுத்துக் கேட்டேன். அருவிச் சத்தம் அருவிச் சத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். என்னை வைத்து ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் அதுவரை இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டுப் பார்த்தவர் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கீழே எண்ணெய்க்காரர் ஒரு வாடிக்கையாளரின் தலையில் தாளம் போட்டுக்கொண்டே குரல் கொடுத்தார். "என்ன ஏட்டையா, விசில்லயும் வைரஸா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, விசிலை வாயில் வைத்து ஊதினார். நெடுக, இடைவிடாமல், கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். அடுத்த அருவிப் பக்கம் நின்ற காவலர்களும் கேட்டு ஊதினார்கள்.

வசனங்கள் எல்லாம் வந்தன. "தண்ணி நல்லாத்தானே சார் விழுது." "அஞ்சு நிமிஷம் சார்." உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்ற மனிதர், "இதோட நான் எப்படி சார் மதுரைக்குப் போவேன்?" என்று கையை விரித்தார். எண்ணெய்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "சும்மா நின்ன சனத்த ஏத்துதீரே ஓய், நேத்து வீட்டுல வாங்கினது போதாதா?"

பெரியப்பா பாறையிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள்ளேயே போனார். ஒவ்வொரு தோளாகத் தொட்டு ஏற்றினார். "ஏறுங்க. துணி பெறகு. ஏறுங்க." குரல் கடுமையாகவே இல்லை. கெஞ்சுவதைப்போல இருந்தது. தூக்குச்சட்டியைக் காவலர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நெரிசலில் நான் நசுங்காமல் இருக்கப் பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அருவிக்கடியில் ஒருவரும் இல்லை. அவர் மட்டும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

அக்கா அதற்குள் ஒரு தோழியைப் பிடித்து, அவளிடம் இருந்த பழைய நகலை வாங்கியிருந்தாள். மென்பொருளில் பாதி கிடைத்தது. மீதியை அவள் அந்த வாரத்தில் மறுபடியும் எழுதினாள். சொன்ன நாளில் கொடுத்தாள், மதிப்பெண் குறைந்தது, சென்னை வேலை கிடைத்தது. ஆனால் இதெல்லாம் பின்னால் வருவது. அந்த ஞாயிறு மாலை அவள் பழைய தாள்கட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அறிக்கையை முதலிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பெரியம்மா அடுப்படியிலிருந்து, அன்றைக்கு ஐந்தருவியில் நடந்ததைச் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். எண்ணெய்க்காரர் சொன்ன கேலியையும் விடவில்லை.

அக்காவின் விரல்கள் நின்றன. "அப்புறமும் ஊதினாங்களா?"

"ஊதினாவ."

பெரியப்பா வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வாசலில் உட்கார்ந்தார். காலுறை சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், "அப்பா, இங்கன வந்து இந்தத் தாளப் பாத்து வாசிங்க. நான் ஒருத்தியே பாத்துப் பாத்து அடிச்சா முடியாது."

அவர் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி, சுற்றறிக்கை படிக்கும் குரலில் வாசித்தார். முதல் பக்கத்தை அக்கா அச்சடித்துப் பார்த்தபோது கீழே தேதி 2002 என்று விழுந்திருந்தது. "இந்தக் கம்ப்யூட்டர் இன்னும் பொய்தான் சொல்லுது" என்று அதைக் கசக்கப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன். எனக்குப் பிரவுன் தாள் தீர்ந்துபோயிருந்தது. அவள் ஈரக் காலுறைகளைக் கழற்றச் சொல்லி வாங்கி, கணினிக்குப் பின்னால் தானே காயப்போட்டதையும் பார்த்தேன். அதை அன்று ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

இப்போது நான் இந்தக் குறிப்பை எழுதும்போது தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். அன்று ஐந்தருவியில் தண்ணீர் ஏறியதா? எண்ணெய்க்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார். தண்ணீர் ஏறவே இல்லை, கொஞ்ச நேரத்தில் எல்லாரையும் மறுபடி விட்டுவிட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறார். பெரியம்மா, மரக்கிளையே வந்ததாகப் பெரியப்பா அன்று சொன்னார் என்கிறாள். ஆனால் வேறொரு வருடத்துக் கிளையை அவள் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கவும் கூடும். நாளிதழ்களில் பார்க்கலாம் என்றால் எனக்குச் சரியான தேதி தெரியாது. தெரிந்தாலும், எல்லாரும் ஏறிவிட்ட ஒரு பிற்பகலைப் பற்றி எந்தச் செய்தியாளர் எழுதியிருப்பார்?

ஓய்வுபெற்றுத் தென்காசியில் இருக்கும் பெரியப்பாவிடம் போன மாதம் நேராகவே கேட்டேன். அவர் செல்போனில் மேகப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஏதோ பெட்டி குதித்தது. நிமிர்ந்து என்னிடம் நீட்டினார், நான் மூடிக் கொடுத்தேன்.

"ஊதினேன், எல்லாரும் ஏறிட்டாங்க. அதுக்கப்புறம் தண்ணி வந்ததா வரலையான்னு நான் எதுக்குட்டி பாக்கணும்?"

ஆகவே என் குறிப்பேட்டில் அந்த ஞாயிறுக்கு எதிரே இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: விசில் ஊதப்பட்டது. அருவிக்கடியில் யாரும் இல்லை. வெள்ளம் வந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.